செஞ்சிக்கு எத்தனை பெயர்கள்?

கடந்த 2025 ஜூலை 11 அன்று பாரிசில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, இந்தியாவின் 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சிக்கோட்டை. தொகுப்புக்கு அளிக்கப்பட்டுள்ள பெயர், ‘இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்’.

அறிவிப்பு வந்த மறுநாள் காலையில் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். செஞ்சியில் கடை வைத்திருப்பவர். ‘ஐயா, இதற்கு மகிழ்வதா, வருந்துவதா என்றே தெரியவில்லை. கோட்டை நம் ஊரில் இருக்கிறது. பட்டா மட்டும் வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறதே?’ என்று கேட்டார். பொருளாதாரம் படித்தவர் என்பதால் பட்டா என்ற சொல் அவருக்கு இயல்பாக வந்தது. எனக்கு உடனடியாகப் பதில் சொல்லத் தோன்றவில்லை. சில மாதங்கள் யோசித்த பிறகு எழுதும் பதிலே இக்கட்டுரை.

பணி ஓய்வுக்குப் பின் நான் வசிப்பது பனமலையில். செஞ்சிக் குன்றுகளுக்குத் தெற்கே, ஏரிக்கரையில் ஒரு சிறு குன்று. அதன்மேல் பல்லவ மன்னன் இராஜசிம்மன் எடுப்பித்த கற்றளி. அதன் சுவரில் மங்கிப்போன வண்ணங்களில் உமையின் ஓவியம் இன்னும் எஞ்சியிருக்கிறது. ஊரார் வாயில் இது பனமலை. ஏட்டில் எழுதுவோருக்குப் பனைமலை. கோயிலில் உறையும் இறைவனோ தாளகிரீசுவரர். தாளம் என்பது வடமொழியில் பனை. கிரி என்பது மலை. தமிழ்ப் பெயரும் வடமொழிப் பெயரும் ஒரே பொருளைச் சுட்டி, ஒன்றையொன்று விரட்டாமல் பல நூற்றாண்டுகளாக ஒரே குன்றின்மேல் வாழ்கின்றன. இரண்டுக்கும் இடையே வழக்கு எதுவும் எழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பெயர் மொழிபெயர்க்கப்படுவது வேறு, மாற்றப்படுவது வேறு என்பதை நான் முதலில் கற்றுக்கொண்டது இந்தக் குன்றில்தான்.

செஞ்சியின் கதை இவ்வளவு அமைதியானதன்று. சோழர் காலத்தில் இப்பகுதி சிங்கபுர நாட்டைச் சேர்ந்திருந்தது என்பர். அருகிலுள்ள சிங்கவரம் என்ற ஊர்ப்பெயர் அந்த நினைவைத் தாங்கி நிற்கிறது. செஞ்சி என்ற பெயர் செஞ்சியம்மன் என்னும் கிராமத் தெய்வத்திலிருந்து வந்தது என்பது மக்கள் நம்பிக்கை. ஆனந்தக் கோன் என்ற ஆயர்குலத் தலைவன் 1200-ஐ ஒட்டிய காலத்தில் மலைமேல் முதல் அரணைக் கட்டினான் என்கிறது மரபுக் கதை. பின்னர் விஜயநகரத்தின் சார்பில் ஆண்ட நாயக்கர்கள், கிருஷ்ணப்ப நாயக்கரின் பெயரால் இதைக் கிருஷ்ணபுரம் ஆக்கினர். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் கைப்பற்றிய பீஜப்பூர் சுல்தானியர் பாதுஷாபாத் என்றனர். 1677-இல் சிவாஜி கைப்பற்றியபின் மராட்டியர் சந்தி என்றனர். ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகைக்குப் பிறகு 1698-இல் கோட்டைக்குள் நுழைந்த முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் பட்டப்பெயரான நுஸ்ரத் ஜங் என்பதை வைத்து, அது நுஸ்ரத்கட் ஆயிற்று. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தத்தம் நாவுக்கு ஏற்பச் செஞ்சியை ஜிஞ்சி என்று திரித்தனர்.

ஓர் ஊருக்கு அறுநூறு ஆண்டுகளில் அரை டஜனுக்கு மேற்பட்ட பெயர்கள். இன்று செஞ்சிப் பேருந்து நிலையத்தில் நின்று நுஸ்ரத்கட் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். கிருஷ்ணபுரம் என்றால் வேறு ஏதோ ஊருக்கு வழி சொல்வார்கள். பாதுஷாபாத் என்றால் வடநாட்டுக்கு இரயில் ஏறச் சொல்வார்கள்.

இதைப் பொருளாதார மாணவனாகப் பார்க்கும்போது எனக்கு நாணயத்தின் நினைவு வருகிறது. நாணயத்தை அச்சடிப்பது அரசு. ஆனால் அதைச் செல்லுபடியாக்குவது சந்தை. அரசு முத்திரை குத்திய காசைக் கடைக்காரர் வாங்க மறுத்தால் அது வெறும் உலோகம். பெயரும் அப்படித்தான். அரசாணையால் பெயரை வெளியிடலாம்; அதைப் புழக்கத்தில் விடுவது மக்களின் நாக்கு. பாதுஷாபாதும் நுஸ்ரத்கட்டும் அரண்மனைக் கருவூலத்தைத் தாண்டிச் சந்தைக்கு வராத காசுகள்.

மக்களின் நாக்கு தன் விருப்பப்படி புதுக் காசும் அடிக்கும். 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு மாண்ட இளைஞன் தேஜ் சிங், புந்தேலா ராஜபுத்திரன். வடக்கிலிருந்து வந்த குடும்பம். ஆட்சி செய்ததோ சில மாதங்கள். தமிழ் மக்கள் அவனைத் தேசிங்கு ராஜன் ஆக்கி, அவனுக்காக உயிர்விட்ட இஸ்லாமிய நண்பனையும் சேர்த்துக் கதைப்பாடலில் வைத்துப் பாடினர். சிறுவயதில் என் பாட்டி அந்தக் கதையைச் சொல்லும்போது, தேசிங்கு தமிழனா என்ற கேள்வி எங்கள் யாருக்கும் எழுந்ததில்லை. எங்களுக்கு அவன் எங்கள் ஊர்ப் பிள்ளை.

செஞ்சி மலைக்கோட்டை என்பதால் அதைக் கடலோடு சேர்த்து நாம் நினைப்பதில்லை. ஆனால் அதன் செல்வம் கடலிலிருந்து வந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் கால்பதிக்கச் செஞ்சி நாயக்கரிடம்தான் அனுமதி பெற்றனர். போர்த்துகீசியர் வெள்ளாற்று முகத்துவாரத்தில் குடியேறியதும் அவர்களின் ஆட்சிப் பகுதியில்தான். சோழமண்டலக் கரையின் துணி வணிகத்துக்கு அரணாகவும் வரி வாங்கும் வாசலாகவும் நின்றது செஞ்சி. 1597-ஐ ஒட்டி இங்கு வந்த ஏசுசபைப் பாதிரியார் பிமென்டா, போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர இவ்வளவு பெரிய நகரம் இல்லை என்ற பொருளில் வியந்து எழுதியதற்குக் காரணம் வெறும் மதில்கள் அல்ல.

அந்தத் துறைமுகங்களின் பெயர்களும் இதே கதையைச் சொல்கின்றன. வெள்ளாற்று முகத்துவாரத்து ஊருக்குப் போர்த்துகீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ. புதிய துறைமுகம் என்று பொருள். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுத் தலைநகருக்கும் அவர்கள் தந்தது இதே பெயர்தான். அவர்களுக்கு அது அடையாளமன்று, வெறும் முத்திரை. முஸ்லிம் வணிகரும் அதிகாரிகளும் அந்த ஊரை மகமூது பந்தர் என்றனர். தமிழ் மக்களோ பரங்கிகள் இருக்கும் பேட்டை என்று பொருள்பட பரங்கிப்பேட்டை என்றனர். வந்தவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் போய், உள்ளூரார் வந்தவருக்குச் சூட்டிய பெயர் நின்றது. போர்ட்டோ நோவோ வராகன் என்று ஒரு பொற்காசு அக்காலத்தில் இக்கரையெங்கும் புழங்கியது. காசும் போயிற்று, அந்தப் பெயரும் வரலாற்று நூல்களுக்குள் போயிற்று.

தேவனாம்பட்டினத்தின் கதை இன்னும் சுவையானது. 1690-இல் செஞ்சிக்கோட்டையில் இருந்த மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கிருந்த சிறு கோட்டையை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னைப்பட்டினத்தின் ஆளுநர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரையுள்ள நிலம் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். அவ்வாறு சேர்ந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயரிட்டார்கள். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது கம்பெனியின் தலைமையிடமாகவே இருந்தது அது. இன்று கடலூரில் யாரும் செயின்ட் டேவிட்டுக்குப் போவதாகச் சொல்வதில்லை. மீன் வாங்கவும் கடற்கரைக்கும் தேவனாம்பட்டினத்துக்கே போகிறார்கள்.

அப்படியானால் அரசர் சூட்டும் பெயர்கள் ஒருபோதும் நிலைப்பதில்லையா? நிலைத்த இடம் ஒன்று உண்டு. அதை அறிய நாம் பால்டிக் கடற்கரை வரை போக வேண்டும்.

அங்கே 1255-இல் டியூட்டானிய வீரத்துறவியர் ஒரு கோட்டையைக் கட்டி, தமக்கு உதவிய பொகீமிய மன்னர் இரண்டாம் ஒட்டோகரைப் போற்றும் வகையில் கோனிக்ஸ்பெர்க் என்று பெயரிட்டனர். ஜெர்மன் மொழியில் அதன் பொருள் அரசனின் மலை. செஞ்சியின் தலைமைக் குன்றுக்கு நாம் சொல்லும் ராஜகிரி என்பதும் அதே. அக்கோட்டை வளர்ந்து பெரும் துறைமுக நகரமாயிற்று. அண்டையில் வாழ்ந்த போலந்துக்காரர் அதைக் குருலெவியெத்ஸ் என்றனர். லிதுவேனியர் கராலியவ்சியுஸ் என்றனர். இரண்டிலும் ஒலிப்பது அரசன் என்ற சொல்லே. பனைமலை தாளகிரி ஆனதைப் போல, அண்டை வீட்டார் அந்த நகரைத் தத்தம் மொழியில் அழைத்துக்கொண்டனர். அதனால் யாருக்கும் நட்டமில்லை.

செஞ்சிக்கும் அந்த நகருக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. ஐரோப்பாவின் ஏழாண்டுப் போர் இரண்டு இடங்களையும் ஒரே காலத்தில் தொட்டது. 1758-இன் தொடக்கத்தில் ரஷ்யப் படைகள் கோனிக்ஸ்பெர்க்கைப் பிடித்தன. அதே ஆண்டின் நடுவில் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தது; சில மாதங்களில் செஞ்சி மலையில் இருந்த பிரெஞ்சுப் படையும் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கோனிக்ஸ்பெர்க்கிலோ தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட், ரஷ்யப் பேரரசி எலிசபெத்துக்கே விண்ணப்பம் எழுதிப் பேராசிரியர் பதவி கேட்டார். கிடைக்கவில்லை. ஆட்சி மாறினாலும் கல்லூரி ஆசிரியரின் கவலை மாறுவதில்லை. 1762-இல் ரஷ்யர் போய்விட்டனர். ஊரும் பெயரும் அப்படியே இருந்தன.

இரண்டாம் உலகப் போரில் அப்படி நடக்கவில்லை. 1945 ஏப்ரலில் சோவியத் படைகள் நகரைக் கைப்பற்றின. 1946 ஜூலையில், அதற்கு முந்தைய மாதம் இறந்த சோவியத் தலைவர் மிகயீல் கலினினின் பெயரால் அது கலினின்கிராத் ஆயிற்று. எஞ்சியிருந்த ஜெர்மானியர் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் முழுமையாக வெளியேற்றப்பட்டனர். சோவியத் ஒன்றியத்தின் பிற பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டனர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே கலினினின் பெயரை ரஷ்யாவின் பழைய நகரமான த்வேருக்கும் 1931-இல் வைத்தார்கள். 1990-இல் அது மீண்டும் த்வேர் ஆகிவிட்டது. லெனின்கிராத் 1991-இல் மீண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆனது. கலினின்கிராத் மட்டும் கலினின்கிராத்தாகவே நீடிக்கிறது. காரணம் எளியது. த்வேரில் பழைய பெயரைச் சொல்லி வளர்ந்த குடும்பங்கள் இருந்தன. கோனிக்ஸ்பெர்க் என்று சொல்லி வளர்ந்தவர்கள் அந்த நகரில் இல்லை.

இருந்தும் பழைய பெயர் உறங்கவில்லை. 2018-இல் அந்நகர விமான நிலையத்துக்குப் பெயர் சூட்ட மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தபோது காண்டின் பெயர் முன்னணிக்கு வந்தது. அவர் அந்நியர் என்று பிரச்சாரம் எழுந்தது. அவருடைய சிலைமீது வண்ணம் வீசப்பட்டது. கடைசியில் அவருக்குப் பதவி தராத அதே பேரரசி எலிசபெத்தின் பெயரே விமான நிலையத்துக்கு வைக்கப்பட்டது. 2023 மே மாதம் போலந்து அரசின் பெயர்க் குழு, இனி அந்நகரைப் பழைய போலந்துப் பெயராலேயே குறிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ரஷ்யா அதைப் பகைமைச் செயல் என்று கண்டித்தது. உக்ரைன் போரின் நிழலில் ஓர் ஊர்ப்பெயர் ஆயுதமாகிவிட்டது.

இரு ராஜகிரிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுவது இதுதான்: ஒரு பெயரின் ஆயுளைத் தீர்மானிப்பது அதைச் சூட்டியவரின் வலிமையன்று; அதைச் சொல்வதற்கு யார் அந்த மண்ணில் எஞ்சியிருக்கிறார்கள் என்பதே. செஞ்சியில் ஆட்சிகள் வந்தன, போயின. உழவரும் நெசவாளரும் ஆயரும் அங்கேயே இருந்தார்கள். மேலச்சேரியில் திரௌபதியம்மனுக்குத் தீமிதித்தார்கள், தேசிங்கு கதை கேட்டார்கள், செஞ்சியைச் செஞ்சி என்றே சொன்னார்கள்.

ஆகவே என் மாணவருக்கு நான் சொல்ல விரும்பும் முதல் பதில், அச்சம் வேண்டாம் என்பதே. யுனெஸ்கோ ஊரின் பெயரை மாற்றவில்லை. தொகுப்புக்குத்தான் தலைப்பு வைத்திருக்கிறது. அந்தத் தலைப்பிலும் உண்மை இருக்கிறது. 1677 முதல் 1698 வரை செஞ்சி மராட்டியர் வசம் இருந்தது. அரசே அழிந்துவிடும் என்ற நிலையில் இராஜாராம் இங்கு வந்து தங்கியிருந்துதான் அதைக் காத்தார். மராட்டிய வரலாற்றில் செஞ்சிக்கு உள்ள இடத்தை மறுப்பது நமக்கு அழகன்று.

இரண்டாவது பதில், விழிப்பு வேண்டும் என்பது. 21 ஆண்டுகள் உண்மை. ஆனால் அறுநூறு ஆண்டுகளின் முழு உண்மையன்று. கல்யாண மகாலும் வேங்கடரமணர் கோயிலும் மாபெரும் நெற்களஞ்சியங்களும் நாயக்கர் கால நினைவைத் தாங்குபவை. சாதத்துல்லா கான் பள்ளிவாசல், தேசிங்கை வென்ற நவாபினுடையது. வேங்கடரமணர் கோயிலின் தூண்களில் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் பெயர்த்துக்கொண்டு போனார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்களே. அங்கு நின்று படம் எடுத்துக்கொள்ளும் எத்தனை பேருக்கு அது தெரியும்? தலைப்பில் ஒரு பெயர் இருப்பதால் கேடில்லை. வாசற்பலகையிலும் வழிகாட்டியின் பேச்சிலும் பாடநூலிலும் அந்த ஒரு பெயர் மட்டுமே மிஞ்சினால்தான் கேடு.

இதே அளவுகோல் நமக்கும் பொருந்தும். ‘மராட்டியக் கோட்டை’ என்ற சொல்லுக்கு மாற்றாகக் கோட்டையை ஒரே ஒரு குலத்தின் பெயருக்கோ, ஒரே ஒரு மன்னனின் பெயருக்கோ எழுதிவைக்கக் கோரும் குரல்களையும் கேட்கிறேன். ஒற்றைப் பெயருக்கு மருந்து இன்னோர் ஒற்றைப் பெயரன்று. 2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியானதும், எழுத்துக்கூட்டல் குழப்பங்கள் கேலிக்கு ஆளாகச் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கும். நோக்கம் நல்லதே. ஆனால் பத்திரம், வங்கிக் கணக்கு, சான்றிதழ், வரைபடம் என ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் ஒரு செலவு உண்டு. அதைச் செலுத்துவது அரசியலர் அல்லர், குடிமக்கள். பெயர்ப்பலகையை மாற்றுவது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பெருமை. அதனால்தான் எல்லா அரசுகளுக்கும் அதில் ஆசை. களஞ்சியத்தின் கூரையைப் பழுதுபார்ப்பதில் அந்தப் பெருமை கிடைப்பதில்லை.

நாம் கேட்க வேண்டியவை வேறு. கோட்டை வாயிலில், சிங்கபுரம் முதல் ஜிஞ்சி வரை இந்த ஊர் சுமந்த பெயர்கள் அனைத்தையும், யார் எப்போது சூட்டியது என்ற விவரத்துடன் ஒரு கல்லில் வெட்டி வைக்க வேண்டும். அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டுமல்லாமல் மராட்டியிலும் எழுதலாம். புனேயிலிருந்து வருபவருக்கும் முழுக்கதை தெரியட்டும். உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி அளிக்க வேண்டும். செஞ்சியோடு பனமலையும் சிங்கவரமும் மேலச்சேரியும், கடற்கரையில் தேவனாம்பட்டினமும் பரங்கிப்பேட்டையும் ஒரே சுற்றுப்பாதையில் சேர வேண்டும். மலையும் துறைமுகமும் ஒரே பொருளாதாரமாக இருந்தவை. பிரித்துக் காட்டினால் இரண்டுமே புரியாது. பல ஆண்டுகளுக்கு முன் அறிவிக்கப்பட்ட திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை இரயில் பாதை இன்னும் முடியவில்லை. உலகப் பட்டியலில் ஏறிய ஊருக்கு இரயில் ஏறி வர முடியாது என்பது, தலைப்பில் உள்ள எந்தச் சொல்லையும்விடப் பெரிய குறை.

கோனிக்ஸ்பெர்க்கின் பழைய பெயர் அந்த மண்ணை விட்டுப் போனது அதைச் சொன்னவர்கள் போனதால். செஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் இளைஞர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், யாரும் விரட்டாமலேயே, சென்னைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும். உலகப் பாரம்பரியம் என்ற இந்தப் பட்டம் அவர்களில் சிலருக்கேனும் ஊரிலேயே பிழைக்க வழி செய்யுமானால், அது எந்தப் பெயரில் வந்தாலும் வரவேற்கத் தக்கதே. அவர்கள் இங்கே இருக்கும்வரை செஞ்சிக்கு வேறு காவல் வேண்டியதில்லை.

(கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர், ஓய்வு)